இருபது கிலோ காகிதம்

தராசு முள் பத்தொன்பதரையைக்கூடத் தொடவில்லை. ஒதார்க்கா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், தட்டின் மேலிருந்த காகிதக் கட்டுகளைச் சற்று நகர்த்தி வைத்தும் பார்த்தாள். முள் அசைவேனா என்றது.

“பத்தொன்பது கிலோ நானூறு. அறுநூறு கிராம் குறையுது,” என்றாள் ஸ்தெபா. கழிவுத்தாள் கிடங்கில் அவள் வைத்ததுதான் சட்டம். “அப்படி முறைக்காத. முறைச்சா எடை ஏறாது.”

“அறுநூறு கிராம்தானேக்கா. அடுத்த மாசம் கொண்டாந்து சேத்துடறேன்.”

“இருபதுன்னா இருபது. நேத்து ஒருத்தன் பேப்பர்ல தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தான். கைய வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு, தொரத்திவிட்டேன். நீயாவது காஞ்சதா கொண்டாந்திருக்க. போ, வீட்டுல எதுனா கெடக்கும். ரெண்டு மணிக்கு லாரி வந்துடும், அதுக்குள்ள வா.”

செர்னிஹிவ் நகரத்தில் அந்த வருஷங்களில் நல்ல புத்தகம் சும்மா கடைக்குப் போனால் கிடைக்காது. இருபது கிலோ பழைய காகிதம் எடைக்குப் போட்டால் ஒரு கூப்பன் கொடுப்பார்கள். கூப்பனை நீட்டினால்தான் கடைக்காரி மேஜைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுப்பாள். ஆகவே படிக்கிறவன், படிக்காதவன் எல்லோரும் காகிதம் பொறுக்கினார்கள். ஒதார்க்கா படிக்காதவர்கள் பக்கம். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிறவள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகத்தை முழுதாக முடித்ததில்லை. ஆனாலும் நான்கு மாதமாக, புருஷன் யூஹிமுக்குத் தெரியாமல், அடுக்குமாடியின் நிலவறையில் காகிதம் சேர்த்துவந்தாள். கிழிந்த சுவரொட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களின் பத்திரிகை, மாவு மூட்டையின் உள்தாள் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

எல்லாம் ரிம்மாவுக்காக. ரிம்மா அவர்களுடைய ஒரே மகள். சிறுநீரகம் கெட்டுப்போய், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், பதினைந்து வயதில் போய்விட்டாள்.

அவள் ஒரு புத்தகப் பைத்தியம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கோடை விடுமுறைக்கு வாசிப்பு நோட்டு எழுதச் சொல்வார்கள். படித்த புத்தகத்தின் பெயர், பிடித்ததா, ஏன் என்று இரண்டு வரி. மற்ற பிள்ளைகள் ஆகஸ்ட் கடைசியில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி ஒப்பேற்றிவிடும். இவளோ விடுமுறை முடிந்தும் நிறுத்தவில்லை. பச்சை அட்டை நோட்டு ஒன்றில், தனக்கு உயிரான புத்தகங்களை மட்டும் எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். இந்த வகை, அந்த வகை என்று கிடையாது. முதலாவது, முள்ளெலிக்குட்டி காட்டில் வழி தவறிய கதை: “நாலு வயசுல பிடிச்சது. இப்பவும் பிடிக்கும். சிரிக்கிறவங்க சிரிங்க.” ஏழாவது துப்பறியும் கதை: “கொலைகாரன் யாருன்னு பதினாலாம் பக்கத்துலயே கண்டுபிடிச்சேன். தப்பு.” பன்னிரண்டாவது, ஊறுகாய் போடச் சொல்லித் தரும் சமையல் புத்தகம்: “ஆஸ்பத்திரில உப்பில்லாக் கஞ்சி. இதைப் படிச்சுக்கிட்டே குடிச்சேன்.” நட்சத்திரங்களின் படப் புத்தகம் ஒன்று. சதுரங்கம் ஒன்று. இருபத்தேழாவது கவிதைத் தொகுப்பு: “அப்பா, நீ இதைப் படிச்சா அழுவ. பந்தயம்.”

யூஹிம் பந்தயத்தில் தோற்றான். அவன் மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஓட்டுகிறவன். கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் அந்தத் தொகுப்பைப் பிரித்தவன், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். பயணிகள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வைதார்களாம். மகள் போனபிறகு அவளுடைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, முள்ளெலியிலிருந்து வரிசையாகப் படித்துவந்தான் அந்த மனுஷன். ஒன்றை முடிக்காமல் அடுத்த எண்ணைப் பார்க்க மாட்டான். மீதிப் பக்கங்களுக்கு ஒரு கவ்வி போட்டு வைத்திருந்தான். “அடுத்து என்ன சொல்லப்போறாளோன்னு இருக்கணும், ஒதார்க்கா. எல்லாத்தையும் பாத்துட்டா அவ பேசி முடிச்சுட்டான்னு ஆயிடும்,” என்பான்.

மொத்தம் நாற்பத்து மூன்று என்று முதல் பக்கத்தில் ரிம்மாவே எழுதியிருந்தாள். அதில் கடைசியானது எது என்று ஒதார்க்காவுக்குத் தெரியும். கோயில் மணி வார்க்கிற ஒருவனின் மகள், தன் அப்பாவைக் கொன்றவனை இரண்டு தேசம் தாண்டித் தேடிப்போகிற தடித்த நாவல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ரிம்மா சொன்னாள்: “படிக்காமலே எழுதி வெச்சுட்டேம்மா. கண்டிப்பா பிடிக்கும். இருபது கிலோ சேத்துக் குடேன்.” ஒதார்க்கா, “நீ முதல்ல வீட்டுக்கு வா, அப்புறம் சேத்துக்கலாம்,” என்றாள். பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. அந்த இருபது கிலோ இரண்டு வருஷமாகத் தாயின் நெஞ்சில் கிடந்தது.

இப்போது சொல்லுங்கள், அறுநூறு கிராமுக்காக அவள் விட்டுவிடுவாளா? இரண்டு தெரு ஓடினாள். மூன்று மாடி ஏறினாள். சமையலறை ஜன்னல் திட்டில் செய்தித்தாள்கள் ஓர் அடுக்காக இருந்தன. யூஹிம் தினமும் வாங்கி வருவது. அப்படியே வாரி அணைத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். முள் இருபதைத் தாண்டி ஒரு கோடு போனது.

“பாத்தியா, வீட்டுல இல்லாததா,” என்ற ஸ்தெபா கட்டை இறுக்கி, மற்ற கட்டுகளோடு மூலையில் வீசினாள். கூப்பனில் முத்திரை குத்திக் கொடுத்தாள். “யாருக்கு, பிள்ளைக்கா?”

“ஆமாக்கா, பிள்ளைக்குத்தான்.”

கடையில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று வாங்கினாள். சிவப்பு அட்டை, பொன் எழுத்து. வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, ரிம்மாவின் மேஜை மேல் வைத்தாள். அன்றைக்குத்தான் இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது. பீட்ரூட் சூப் வைத்து, சதகுப்பைக் கீரை கிள்ளிப்போட்டு, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே ரொட்டி நறுக்கினாள்.

ஐந்து மணிக்கு யூஹிம் வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறை ஜன்னலுக்குப் போனான்.

“முப்பத்தொண்ண காலையிலயே முடிச்சுட்டேன். முப்பத்திரண்டு என்னன்னு பாக்கணும்னு பஸ் ஓட்டவே முடியல போ,” என்று சிரித்தவன், திட்டைப் பார்த்து நின்றான். “இங்க இருந்த பேப்பரெல்லாம் எங்க?”

“பழசுதானேய்யா. எதுக்கு?”

“நோட்டு அதுலதான் இருந்துச்சு. அட்டை கிழிஞ்சுபோச்சுன்னு நேத்து பேப்பர்ல உறை போட்டு, மடிப்பு படியட்டும்னு அடுக்குக்கு நடுவுல வெச்சேன்.”

அங்கே யாரும் புத்தகத்தை வெறும் அட்டையோடு வைத்துக்கொள்ள மாட்டார்கள். செய்தித்தாளில் உறை போட்டுத்தான் பஸ்ஸிலும் படிப்பார்கள், படுக்கையிலும் படிப்பார்கள். அவள் தேடியிருந்தாலும் பச்சை அட்டையைத்தான் தேடியிருப்பாள். அவள்தான் தேடவே இல்லையே. ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டு மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். எங்கே என்று கேட்கவில்லை, பாதி வழியில் அவனுக்கே புரிந்துவிட்டது. கிடங்கு பூட்டியிருந்தது. ஸ்தெபாவின் வீடு அடுத்த சந்து. அவள் வாசலில் நின்றபடி, “லாரி ரெண்டு மணிக்கே போயிடுச்சும்மா. நான் அப்பவே சொன்னேனே,” என்றாள். பிறகு இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, லாரி எந்தக் காகித ஆலைக்குப் போகும் என்று வழி சொன்னாள்.

மறுநாள் யூஹிம் விடுப்புப் போட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த காகித ஆலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பினான். கை இரண்டும் மையில் கறுத்திருந்தன, சட்டைக்குள் எல்லாம் காகிதத் தூசி. ஒதார்க்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவன் கையை அதில் வைத்தபடியே சொன்னான்.

“மலை மலையா கெடக்கு. அங்க இருந்தவங்க நல்லவங்க, தேட விட்டாங்க. நம்ம ஊர் லாரில வந்தத ராத்திரியே தொட்டில கொட்டியாச்சாம். கஞ்சி மாதிரி ஓடுது, காட்டினாங்க.”

“யூஹிம்.”

“பன்னெண்டு, ஒதார்க்கா. இன்னும் பன்னெண்டு பாக்கி இருந்துச்சு. முன்னாடியே ஒரு தடவ புரட்டிப் பாத்திருக்கலாம். முட்டாள் மாதிரி சேத்து வெச்சேன்.”

அவள் ஓடிப்போய்ச் சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வேறென்ன செய்வாள் பாவம், அவளிடம் இருந்தது அதுதான். “இதுக்காகத்தான்யா. அவ கேட்டது. கடைசிப் புத்தகம்.”

அவன் அதை வாங்கவில்லை. அவளைப் பார்த்தான். “நீ அவள எடைக்குப் போட்டுட்ட,” என்றான்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவளும் நாலு கத்திவிட்டு அழுதிருப்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. அவன் படிப்பதும் நின்றது. வேலைக்குப் போனான், வந்தான், வைத்ததைத் தின்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தான். ஒரு நாள் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் பஸ்ஸை ஓட்டிவிட்டான் என்று பணிமனையிலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இப்படியே விட்டால் இவனும் போய்விடுவான் என்று ஒதார்க்கா பயந்தாள்.

மூன்றாவது வாரம் அவள் நூலகத்துக்குப் போனாள். ரிம்மாவோடு வாசல்வரை வந்திருக்கிறாளே தவிர, உள்ளே நுழைந்ததில்லை. நூலகர் ஸினய்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டாள்.

“ஒவ்வொரு வாசகருக்கும் என்னென்ன எடுத்தாங்கன்னு ஒரு கார்டு இருக்கும்மா. ஆனா ஜனவரிக்கு ஜனவரி மறுபதிவு. வராதவங்க கார்டெல்லாம் கழிச்சுடுவோம்.”

“கழிச்சு எங்க போடுவீங்க?”

ஸினய்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எடைக்குத்தாம்மா,” என்றாள்.

ஒதார்க்கா எழுந்துவிட்டாள். ஸினய்தாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “இருங்க. புத்தகத்துக்கும் ஒரு சீட்டு இருக்கு. பின்னட்டை உறையில சொருகியிருக்கும். யார் எடுத்தாலும் அவங்க நம்பரையும் தேதியையும் அதுல எழுதுவோம். ரிம்மா நம்பர் என்ன?”

அது தாய்க்குத் தெரியும். மகளின் புத்தகப் பையில் அந்த எண்ணை ஊசி நூலால் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். “ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு.”

“ஆனா முப்பதாயிரம் புத்தகம் இருக்கும்மா. அதுவும் அவ எடுத்ததெல்லாம் தெரியும், பிடிச்சது எதுன்னு தெரியாதே.”

“தெரியும்,” என்றாள் ஒதார்க்கா. “பிடிச்சத அவ ரெண்டு தடவ எடுப்பா. படிச்சதையே ஏண்டி படிக்கிறன்னு நானே திட்டியிருக்கேன்.”

அன்றிலிருந்து காலை வேலை முடிந்ததும் நேரே நூலகம். கையில் மாவு வாசனையோடு, மேல் தட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு புத்தகமாக உருவி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, சீட்டில் விரல் ஓட்டுவாள். தலைப்பைப் பார்ப்பதே இல்லை. எண்ணை மட்டும்தான் பார்ப்பாள். தேதிப் பத்தியில் நாளும் மாதமும்தான் இருக்கும், வருஷம் எழுதும் வழக்கமில்லை; இருந்திருந்தாலும் அவள் கண் அதில் போயிருக்காது. 1147 ஒரு தடவை தென்பட்டால் சீட்டைத் தடவிவிட்டு வைத்துவிடுவாள். பதினெட்டாவது நாள் ஒரே சீட்டில் இரண்டு தடவை இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது ஒரு காதல் கதை. வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று சொன்னாள். யூஹிம் சீட்டை உருவி எண்ணைப் பார்த்தான். விரல் வைத்து எண்ணினான்.

“ரெண்டு தடவ,” என்றான்.

“ரெண்டு தடவ.”

“அன்னிக்கு நான் உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“விடுய்யா. சூப் ஆறுது.”

மறுநாள் புது நோட்டு ஒன்று வாங்கிவந்தான். 32 என்று போட்டு, புத்தகத்தின் பெயரை எழுதினான். மகள் எழுதியிருக்க வேண்டிய இரண்டு வரிக்குப் பதில், மகளைப் பற்றித் தனக்கு என்ன தோன்றியது என்று எழுதினான். முப்பத்து மூன்றாவது, கயிற்றில் முடிச்சுப் போடும் கலை. வீட்டில் இருந்த சட்டைகளில் பாதிக்கு அவன் முடிச்சுப் போட்டுப் பழகினான். அதை அவிழ்க்க முடியாமல் ஒதார்க்கா வைதாள். அவளுக்கு வைவதற்கும் வாய் திரும்பியிருந்தது. முப்பத்து நான்காவது, தேனீ வளர்ப்பு.

தேனீப் புத்தகத்தில் அவன் விழுந்தேவிட்டான். சாப்பிடும்போது தேனீ, படுக்கும்போது தேனீ. “ராணி ஒண்ணுதானாம், ஒதார்க்கா. வழி தெரிஞ்சவ வந்து ஆடிக் காட்டுவாளாம், மத்ததெல்லாம் அதப் பாத்துட்டுப் பறந்துபோகுமாம். நம்ம பொண்ணுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கு பாரேன்.” அவன் சிரிப்பதை அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காக மூன்று லட்சம் புத்தகம் என்றாலும் பிரித்திருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை நூலகத்தில் மேஜைக்குப் பக்கத்து அலமாரியில் அவள் இருந்தாள். வெயிலில் காய்ந்த முகமும் வைக்கோல் தொப்பியுமாக ஒரு பெரியவர் வந்து புத்தகத்தை நீட்டினார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பனாஸ். ஸினய்தா இல்லை; மேஜையில் இருந்த வேறொருத்தி, “நம்பர் சொல்லுங்க தாத்தா,” என்றாள்.

“ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு.”

ஒதார்க்காவின் கையில் இருந்த புத்தகம் கீழே விழுந்தது. பனாஸ்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

“உங்க நம்பரா இது?” என்று கேட்டாள்.

“போன வருஷம் ஜனவரில சேந்தேன், குடுத்தாங்க. யாரோ காலி பண்ணின நம்பராம். ஏம்மா?”

“தேனீ வளர்ப்புன்னு ஒரு புத்தகம்...”

“அட, அதையா தேடற? ரெண்டு தடவ எடுத்துட்டேன், பாதி மனப்பாடம். வீட்டுல நாலு பெட்டி வெச்சிருக்கேன்ல. இப்ப யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க, திருப்பித் தரவே காணோம்.”

“முடிச்சுப் போடறது?”

“அதுவும் எடுத்திருக்கேன். பேரன் படகு வாங்கியிருக்கான். என்னம்மா, என்னைய உளவு பாக்கறியா?” என்று சிரித்தார். நல்ல மனுஷன். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

காதல் கதையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அதையாவது மகளுக்கு விட்டுவைக்கலாம் என்று நினைத்தாள். கழித்த எண்ணை வேறொருவருக்குக் கொடுப்பார்கள் என்பது அன்று ஸினய்தாவுக்கே தோன்றவில்லை. இனிமேல் எந்தச் சீட்டைப் பார்த்தாலும் அது ரிம்மாவா, இந்தப் பெரியவரா என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. கையில் இருந்த புத்தகத்தை அலமாரியில் சொருகினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டே நடந்தாள். ஒரு தடவை மறைத்துக் காகிதம் சேர்த்துப் பட்டது போதாதா.

யூஹிம் ஜன்னலோரம் புது நோட்டோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“உன் தம்பிகிட்ட பேசிட்டேன். தோட்டத்துல ரெண்டு பெட்டி வெச்சுக்கோ மாமான்னுட்டான். ரிம்மா பேர்ல வெக்கப்போறேன். நான் ஒண்ணு சொல்லட்டுமா? அவளப் பத்தி எல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனிமே ஒண்ணும் இல்லன்னுதான் இருந்தேன். பதினஞ்சு வருஷம் வளத்திருக்கேன், அவளுக்குத் தேனீன்னா உயிர்னு எனக்குத் தெரியாது பாரு. உனக்குத் தெரியுமா?”

ஒதார்க்கா வாயைத் திறந்தாள். அவன் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.

“தெரியும்,” என்றாள். “சின்னதுலேந்தே பிடிக்கும். ஒரு தடவ தம்பி தோட்டத்துல ஒரு தேனீ அவ கையில வந்து உக்காந்துச்சு. அவ பயப்படல. அசையாம நின்னா, அதுவா பறந்துபோற வரைக்கும்.”

“நான் எங்க இருந்தேன்?”

“நீ வேலைக்குப் போயிருந்த.”

அவன் குனிந்து எழுதத் தொடங்கினான். மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, 34 என்ற எண்ணுக்குக் கீழே. பாதியில் நிறுத்தி நிமிர்ந்தான்.

“எந்தக் கை?”

“இடது கை,” என்றாள் ஒதார்க்கா.